மரத்தில் இருப்பவனைக் கூப்பிடக்கூடாது

எங்கள் வீட்டுப் பசுமாடு ஒரு வருஷத்துக்கு மேலாக மஞ்சள் பெல்ட் ஒன்றில் கட்டப்பட்டிருந்தது. நல்ல பெல்ட். இரண்டு தோளுக்கும் இரண்டு தொடைக்கும் பட்டை, முதுகுப் பக்கம் இரும்பு வளையம், வளையத்திலிருந்து நீளமான கயிறு, கயிற்று முனையில் கொக்கி. உயரத்தில் வேலை செய்கிற மனுஷன் போட்டுக்கொள்ள வேண்டியது. எங்கள் ஊரில் அதை மாடு போட்டிருந்தது. மாடு எந்த மரத்திலும் ஏறாது, அதனால் பத்திரமாகவே இருந்தது.

பெல்ட்டைக் கொடுத்தவர்கள் கீழே டவுனிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள். புளி உலுக்கும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்னால், எங்கள் ஊர் ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார வைத்து ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். செத்த கிளையில் கால் வைக்காதீர்கள். கொக்கியை மாட்டாமல் அடுத்த அடி எடுக்காதீர்கள். கீழே ஓர் ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும், ஆபத்தென்றால் குரல் கொடுக்கட்டும். எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். எலுமிச்சை சாதம் போட்டார்கள், சாப்பிட்டார்கள். ஆளுக்கொரு பெல்ட்டும் ஹெல்மெட்டும் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். ஜீப் திரும்பிப் போனது. அதோடு சரி.

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். அன்று சாதம் பரிமாறியது நான்தான். கையில் கரண்டியோடு நின்றபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கேட்டு என்ன கிழித்தேன் என்று நீங்கள் கேட்டால், அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஹெல்மெட்டுகளின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் வைக்கோல் போட்டுக் கோழியை அடைக்கு வைத்தார்கள். ஒன்று சாமை அளக்கிற படியானது. என் கொழுந்தனுடையது மட்டும் தலையில் ஏறியது, அதுவும் போளூருக்கு பைக்கில் போகும்போது, போலீஸ் பிடிக்காமல் இருக்க. என் வீட்டுக்காரர் பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே மாட்டுக் கயிறு அற்றுப்போயிருந்தது. அவருக்கு அது பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. "கெவுர்மெண்டு கயிறு மாரி இல்ல, கெட்டியாக் கீது" என்று சொல்லிக்கொண்டே மாட்டைக் கட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் மற்ற ஊர்களில் உண்டா என்று எனக்குத் தெரியாது. புளியமரத்தில் ஏறிவிட்ட ஆளை, அவன் இறங்கித் தரையில் கால் வைக்கிற வரை, கீழே இருக்கிற யாரும் கூப்பிடக்கூடாது. பெயர் சொல்லக்கூடாது, எச்சரிக்கை சொல்லக்கூடாது. விழுவது என்ற பேச்சே மரத்தடியில் கூடாது. புளிகூட எங்கள் ஊரில் விழாது, 'இறங்கும்'. கீழே இருந்து ஒருத்தர் பயந்து குரல் கொடுத்தால் அந்தப் பயம் ஏறியவன் காலுக்குப் போய்விடும், கால் நடுங்கிவிடும் என்பார்கள். மற்றவர்களைவிடக் கட்டின பொண்டாட்டி வாயைத் திறப்பது ரொம்ப ஆகாது. கயிறு கட்டி ஏறுவதும் அதே கணக்குத்தான். கட்டிக்கொண்டு ஏறுகிறவன் கீழே வருவதை நினைத்துக்கொண்டே ஏறுகிறான், மரத்தை நம்பாதவனை மரம் தாங்காது என்று ஒரு பேச்சு. மரத்துக்குக் கோபம் வருமாம். மரத்துக்கு!

இந்த வழக்கத்தில் யாருக்கு என்ன லாபம் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலித்ததுதான் மிச்சம். ஏறுகிறவனுக்கு லாபமில்லை, பொறுக்குகிற பொம்பளைகளுக்கும் இல்லை. சந்தவாசல் பக்கமிருந்து மரங்களைக் குத்தகைக்கு எடுக்க வருகிற வியாபாரிக்கு வேண்டுமானால் இருக்கலாம். அவர் புதுச் சாக்கு கொண்டுவருவார், தராசு கொண்டுவருவார், புளியில் மண் ஒட்டக்கூடாதென்று பெரிய தார்ப்பாய் கொண்டுவந்து மரத்தடியில் விரிப்பார். ஒரு முழம் கயிறு கொண்டுவந்ததில்லை. புளிக்குத் தார்ப்பாய், மனுஷனுக்கு வெறும் மண். ஏன் சார் என்று கேட்டால், "உங்க ஆளுங்க கட்டிக்க மாட்டேங்கறாங்கம்மா, நான் இன்னா பண்றது?" என்பார். உண்மைதான். நாங்களே அவர் வேலையைச் சுலபமாக்கி வைத்திருக்கிறோம்.

போன வருஷம், பாறை ஓரத்து மரம். எங்கள் ஊரில் அதுதான் பெரிய மரம், ஆறேழு சாக்கு தரும். என் வீட்டுக்காரர் ஏறினார். ஏறுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும், அவரும் அதை நம்புவார். தொரட்டிக் கோலை முதுகில் செருகிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறினார். மேலே போய் ஒரு கிளையைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கிளையில் நின்று குதித்து உலுக்கினார். புளி சடசடவென்று தார்ப்பாயில் இறங்கியது. நானும் இன்னும் நாலு பெண்களும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பொறுக்கிக்கொண்டிருந்தோம். மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், உலுக்குகிற கூட்டத்துக்குத் தலைவர். அவர் பாறை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

முக்காட்டைச் சரிசெய்ய அண்ணாந்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

அவர் அடுத்துக் கால் வைக்கப்போகிற கிளையின் அடிப்பக்கத்தில், அடிமரத்திலிருந்து கிளம்புகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கரையான் மண் கோடு ஓடியிருந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் பட்டை உப்பிப் பிளந்திருந்தது. மேலே இருக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. அவர் கண்ணுக்குக் கிளையின் மேல்பக்கம் மட்டும்தான் தெரியும், மேல்பக்கம் நன்றாகத்தான் இருந்தது, நுனியில் காயும் இருந்தது. அடிப்பக்கம் கீழே நிற்கிறவளுக்குத்தான் தெரியும். ஜீப்பில் வந்தவர்கள் கீழே ஓர் ஆள் நிற்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான் என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. நான் முட்டாள் இல்லை. புரிந்தது.

வாயைத் திறந்தேன். மூச்சுகூட இழுத்துவிட்டேன். பாறை மேல் இருந்த பெரிய மாமாவைப் பார்த்தேன். பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தேன். கத்தினால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். அவரே இறங்கி வந்து என்ன சொல்வார் என்றும் நினைத்தேன். இதையெல்லாம் நினைக்க எனக்கு நேரம் இருந்தது பாருங்கள். வாயை மூடிக்கொண்டு, குனிந்து, இன்னும் ஒரு கை புளி பொறுக்கினேன். அந்தப் புளி என் கையில் இருக்கும்போதே முறிகிற சத்தம் கேட்டது.

அவர் தார்ப்பாயில் விழவில்லை. அதற்கு வெளியே, மண்ணில், முதுகு அடிபட விழுந்தார். விழுந்தார் என்றே எழுதுகிறேன். இறங்கினார் என்று எழுத என்னால் முடியாது.

தூக்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை. ரோடு வரைக்கும் நடந்துதான் தூக்கிப் போக வேண்டும். தார்ப்பாயை எடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். "புளிய அள்ளிட்டு எடுங்கப்பா, மண்ணாய்டும்" என்றார் வியாபாரி. அள்ளினார்கள். என் புருஷன் மண்ணில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, நாலு பேர் உட்கார்ந்து புளி அள்ளினார்கள். அதில் என் கொழுந்தனும் ஒருத்தன். அப்புறம்தான் தார்ப்பாயில் அவரைப் போட்டுத் தூக்கினார்கள். முதுகில் அடிபட்டவரை அப்படி மடித்துத் தூக்கக்கூடாது என்றும் அன்று மைதானத்தில் சொல்லியிருந்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இது இரண்டாவது தடவை.

போளூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பு உடைந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார்கள். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா எனக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும்மா. மறந்தா புண்ணு வந்துடும். அவருக்கு வலி தெரியாது, நீதான் பாத்துக்கணும்." அன்றிலிருந்து என் நாள் இரண்டிரண்டு மணி நேரமாகத்தான் ஓடுகிறது. அங்கன்வாடிக்குப் போனாலும் நடுவில் ஓடிவந்து ஒரு தடவை திருப்பிப் போட்டுவிட்டுப் போவேன்.

வேலூரிலிருந்து திரும்பிய பிறகு ஊர் கூடி விசாரித்தது. கிளையை விசாரிக்கவில்லை, கரையானை விசாரிக்கவில்லை. மாட்டுக் கழுத்தில் இருந்த பெல்ட்டைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. "கீழ யாரு வாயத் தொறந்தது?" என்றுதான் பெரிய மாமா கேட்டார். யாரும் திறக்கவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். "கட்டுனவளே தொறக்கல மாமா. பாத்துனு நின்னா பாவம், ஒரு சத்தம் போடல." பெரிய மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்ல பொண்ணு. உம்மேல தப்பு இல்லம்மா. விதி" என்றார்.

என் வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு அளவுக்கு எதுவும் என்னைச் சுட்டதில்லை. அங்கேயே எல்லோர் முகத்திலும் காறித் துப்பியிருக்க வேண்டும். முதலில் என் முகத்தில். நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் சொல்லவில்லை. கழுவிவிடும்போதும் திருப்பிப் போடும்போதும் சோறு போடும்போதும் சொல்லவில்லை. அவர் கோபக்காரர், இப்போது இன்னும் அதிகம். தட்டைத் தள்ளிவிடுவார், கத்துவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். தட்டுக்காகவும் தண்ணீருக்காகவும்தான் கத்தினோம். கத்த வேண்டிய விஷயம் என்னிடம் மட்டும் இருந்தது.

இந்த வருஷம் மாசி பிறந்ததும் வியாபாரி வந்தார், அதே தார்ப்பாயோடு. நன்றாகக் கழுவியிருந்தார். அண்ணன் இடத்தில் இனி என் கொழுந்தன்தான் ஏற வேண்டும் என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம், அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். முதல் மரம் ஓடை மேட்டில் இருக்கிற மரம் என்று முடிவானது.

முந்தின நாள் சாயங்காலம் மாட்டிடமிருந்து பெல்ட்டைக் கழற்றினேன். சாணியும் கோமியமும் ஊறி நாறிக்கிடந்தது. ஓடையில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, கொக்கிக்கு எண்ணெய் விட்டேன். காலையில் மரத்தடிக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொழுந்தனிடம் நீட்டினேன்.

"இத்தப் போட்டுனு ஏறு தம்பி."

அவன் சிரித்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். "இன்னா அண்ணி, என்ன மாடுன்னு நெனச்சிக்கினயா?"

"மாட்டுக்குக் கீற புத்திகூட உனக்கு இல்ல. போட்டுக்கோ."

"ஏறப்போற நேரத்துல இன்னாம்மா பேச்சு இது?" என்றார் பெரிய மாமா. "நீ வூட்டுக்குப் போ. பாவம், மனசு ஒடஞ்சிக் கீற."

நான் போகவில்லை. பெல்ட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். கொழுந்தன் ஏறினான். இந்தத் தடவை நான் புளி பொறுக்கக் குனியவே இல்லை. அண்ணாந்து பார்த்தபடியே மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அன்று மைதானத்தில் சொன்ன மாதிரி. பொம்பளைகள் முணுமுணுத்தார்கள். கழுத்து வலித்தது. மூன்றாவது சுற்றில் ஓடைப் பக்கத்துக் கிளையைப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பட்டை உரிந்து, உள்ளே கருப்பாக, என் கை நுழைகிற அளவுக்குப் பொந்து. கொழுந்தன் தொரட்டியை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினான்.

"டேய்!" என்று கத்தினேன். பெயரையும் சொல்லிக் கத்தினேன். "அந்தக் கெளையில காலு வெக்காத! அடியில பொந்து கீது! விழுந்து சாவப்போற, எறங்குடா!"

மலையில் குரல் நன்றாகப் போகும். எதிர் மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தன் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான். அவன் நடுங்கினானா என்று நான் பார்த்தேன். நடுங்கவில்லை. காலை மெதுவாகப் பழைய இடத்திலேயே வைத்தான்.

கீழே இருந்தவர்கள்தான் நடுங்கினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய மாமா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். "ஒருத்தன முடமாக்குனது போதலயா உனக்கு? இவனையும் தின்னணுமா?"

"நான் வாய மூடிக்கினு இருந்துதான் மாமா அவரு முடமானாரு" என்றேன். "போன வருஷம் நான் பாத்தேன். கரையான் அரிச்ச கெளைய இந்தக் கண்ணால பாத்தேன். உங்க பேச்சக் கேட்டு வாயத் தொறக்கல. நல்ல பொண்ணுன்னீங்களே, அதுதான் நான் பண்ண நல்ல காரியம்."

வியாபாரி தார்ப்பாயின் ஓரத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

கொழுந்தன் இறங்கினான். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல், தொரட்டியைக் கீழே இருந்தே அந்தக் கிளையில் மாட்டி இழுத்தான். கூட இன்னொருத்தனும் பிடித்து இழுத்தான். கிளை ஆடியது, கொஞ்சம் புளி கொட்டியது. முறியவில்லை. "பாத்தியா அண்ணி?" என்றான். சிலர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. கிளை முறிந்து நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசையும் இல்லை. அவன் இரண்டு காலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தான், அது போதும். கூப்பிட்ட மரத்தில் அன்றைக்கு மறுபடி ஏறக்கூடாது என்பதால் உலுக்குவதை நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

நான் வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. அவர் படுக்கையில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். பெல்ட்டை ஆணியில் மாட்டினேன்.

"இன்னாத்துக்குக் கத்துன?" என்றார்.

"பொந்து இருந்திச்சி, கத்துனேன்."

"அது இல்ல. போன வருசம் பாத்தியாமே."

"பாத்தேன். நீ காலு வெக்கறதுக்கு மின்னாடியே பாத்தேன். வாய் வரைக்கும் வந்திச்சி. முழுங்கிட்டேன்யா. ஊருக்குப் பயந்தேன், உனக்கும் பயந்தேன். போதுமா?" என்று கத்தினேன். ஒரு வருஷமாகக் கத்தியதெல்லாம் அன்றைக்குத்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெளியே மாடு, புதுக் கயிற்றில், மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கி நீ கத்தியிருந்தா" என்றார், "எறங்கி வந்து எல்லார் எதிர்லயும் உன்ன ஒதச்சிருப்பேன்."

"தெரியும்."

"ஒதைக்கறதுக்குக் காலு இருந்திருக்கும்மே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "நாளைக்குத் தம்பிய வரச் சொல்லு. அந்த பெல்ட்ட எப்டி மாட்றதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கி எலுமிச்ச சோறு துன்னுனே நல்லாத்தான் பாத்தேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இன்றைக்கும் தீரவில்லை. மணி பத்தாகியிருந்தது. அவர் இடுப்புக்கு அடியில் கை கொடுத்து, இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, இந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன்.